ஒன்பது என்னும் எண்ணும் ஒன்பது என்னும் வசையும்

எண்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளுக்கு ஒரு வழக்கமான அமைப்பு உண்டு. முதலில் எண்ணின் கணிதப் பண்புகள் சொல்லப்படும். அடுத்துச் சமயத்திலும் இலக்கியத்திலும் அவ்வெண் பயிலும் இடங்கள் பட்டியலிடப்படும். இறுதியில் முன்னதே பின்னதற்குக் காரணம் என்ற முடிவு வரும். ஒன்பதைப் பற்றிய கட்டுரைகள் இதற்கு நல்ல சான்று. ஒன்பதை எதனால் பெருக்கினாலும் விடையின் இலக்கங்களைக் கூட்டினால் மீண்டும் ஒன்பதே வரும். ஆகவே அது அழிவற்றது. ஆகவேதான் கோள்கள் ஒன்பது, மணிகள் ஒன்பது, தானியங்கள் ஒன்பது, இரவுகள் ஒன்பது என்று அவை முடியும்.

இவ்வமைப்பில் இரண்டு பிழைகள் உள்ளன. கணிதப் பண்புக்கும் பண்பாட்டுப் பொருளுக்கும் இடையே காட்டப்படும் காரணத் தொடர்பு உண்மையன்று என்பது ஒன்று. பண்பாட்டுப் பட்டியலில் ஒரு பொருள் மட்டும் எப்போதும் விடுபட்டுப் போகிறது என்பது மற்றொன்று. திருநங்கையரையும், நடையிலும் குரலிலும் ‘ஆண்மை’ போதவில்லை என்று பிறரால் தீர்மானிக்கப்பட்ட சிறுவரையும் இழிவுபடுத்தத் தமிழ்த் தெருக்கள் பயன்படுத்தும் சொல்லும் ஒன்பதுதான். அகராதிக்கும் ஆய்வரங்குக்கும் வெளியே, பள்ளிக்கூட வாசலில் இவ்வெண்ணுக்கு மிகப் பரவலாக வழங்கும் ‘பண்பாட்டுப் பொருள்’ அதுவே. இவ்விரண்டு பிழைகளும் தனித்தனியானவை அல்ல. முதற்பிழை இருக்கும் வரை இரண்டாவதற்கு ஒரு போலி நியாயம் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்பதே இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க மும்பையின் காட்கோபர் ஏற்ற இடம். குஜராத்தியும் மராத்தியும் தமிழும் இந்தியும் ஒரே தெருவில் புழங்கும் புறநகர் அது. காமராஜ் நகர் என்னும் பெயர் தாங்கிய குடியிருப்பும் அங்குண்டு. நவராத்திரியின்போது குஜராத்தியர் கர்பா ஆடுகின்றனர். தமிழ் வீடுகளில் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் கொலுப்படிகள் எழுகின்றன. சமண இல்லங்களில் நாள்தோறும் ஓதப்படும் நவகார மந்திரம், சுவேதாம்பர மரபில் ஒன்பது அடிகளாக எண்ணப்படுகிறது. மராத்திய மூதாட்டியர் உடுத்தும் ஒன்பது கஜப் புடவைக்கு ‘நஊவாரி’ என்று பெயர். தமிழகத்தின் மடிசாருக்கும் ஒன்பது கஜமே கணக்கு. ஒன்பதைப் போற்றுவதில் இம்மொழியினர் அனைவரும் ஒத்துப் போகின்றனர். ஆனால் ஒருவரை எண்ணால் வைய நேரும்போது அவ்வொற்றுமை கலைந்துவிடுகிறது. தமிழன் ஒன்பது என்கிறான். இந்தியும் மராத்தியும் பேசுவோர் அதே மனிதரை ‘சக்கா’, அதாவது ஆறு என்கின்றனர். ஒரே மனிதர் மீது ஒரே தெருவில் இரண்டு எண்கள் எறியப்படுகின்றன. இந்த முரண்பாட்டிலிருந்து தொடங்கினால் பல குழப்பங்கள் தெளியும்.

முதலில் கணிதம். ஒன்பதின் மடங்குகளில் இலக்கங்களின் கூட்டுத்தொகை ஒன்பதாகவோ அதன் மடங்காகவோ அமைவது உண்மை. அதன் காரணம் எளியது. பத்து என்பது ஒன்பதும் ஒன்றும்; நூறு என்பது தொண்ணூற்றொன்பதும் ஒன்றும்; ஆயிரம் என்பது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதும் ஒன்றும். ஆகவே எந்த எண்ணிலும் பத்தாம் இடம், நூறாம் இடம் ஆகியவற்றிலுள்ள இலக்கங்கள் ஒன்பதின் மடங்குகளை உதிர்த்துவிட்டால் தத்தம் அளவில் மட்டும் எஞ்சுகின்றன. எண்ணை ஒன்பதால் வகுத்த மீதியும், அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையை ஒன்பதால் வகுத்த மீதியும் சமம் என்பது இதனால் பெறப்படும். இப்பண்பைக் கொண்டு பெருக்கல், வகுத்தல் விடைகளைச் சரிபார்க்கும் முறை பத்தாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த இரண்டாம் ஆரியபட்டர் நூலில் காணப்படுகிறது. கணக்கு எழுதுவோர் இன்றும் இதை அறிவர். பேரேட்டின் இரு பக்கங்களும் ஒத்துவராமல், வேறுபாடு ஒன்பதால் வகுபடுமானால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம் என்று ஐயுறுவர். 5,400 என்பதை 4,500 என்று எழுதினால் வேறுபாடு 900.

ஆனால் இந்த மாயம் ஒன்பதுக்கு உரியதன்று; பத்தடிமான எண்முறைக்கு உரியது. எட்டை அடிமானமாகக் கொண்டு எண்ணும் ஒரு சமூகத்தில் இதே பண்பு ஏழுக்கு இருக்கும். அம்முறையில் இரண்டு ஏழு ‘16’ என்றும், மூன்று ஏழு ‘25’ என்றும் எழுதப்படும். இரண்டிலும் இலக்கங்களைக் கூட்டினால் ஏழு. பன்னிரண்டு அடிமானமானால் பதினொன்றுக்கு இந்தப் பெருமை போய்ச் சேரும். அடிமான எண்ணுக்கு ஒன்று குறைந்த எண் எதுவோ அதற்கு இப்பண்பு தானே வந்து வாய்க்கும். மனிதக் கைகளில் பத்து விரல்கள் இருப்பதால் ஒன்பதுக்கு வாய்த்தது. எட்டு விரல்களோடு பிறந்திருந்தால், ஏழின் அழிவின்மையைப் பற்றி இன்று கட்டுரைகள் எழுதப்பட்டிருக்கும்.

மும்பைப் பகுதியோடு தொடர்புடைய ஒரு கணித ஆர்வலரின் வாழ்க்கை இங்கே நினைக்கத்தக்கது. த. ரா. காப்ரேகர் 1905இல் தகாணுவில் பிறந்தவர். நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியராக இருந்தார். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல் எண்களோடு வாழ்ந்தவர். 1, 121, 12321 எனச் செல்லும் எண்களை அவர் ஆராய்ந்தார். அவ்வெண்ணம் தோன்றிய இரயில் நிலையத்தின் பெயரால் அவற்றை ‘டெம்லோ எண்கள்’ என்று வழங்கினார். டெம்லோ என்பது இன்றைய டோம்பிவிலி. காட்கோபரைக் கடந்து செல்லும் அதே இருப்புப்பாதையில் உள்ளது. ஒன்றுகளை மட்டும் அடுக்கி எழுதிய எண்ணின் வர்க்கம் இவ்வடிவத்தில் அமையும். ஒன்பது ஒன்றுகள் வரை அடுக்கினால் 12345678987654321 என்று அழகு கெடாமல் நிற்கும். பத்தாவது ஒன்றைச் சேர்த்ததும் மிகை இலக்கம் அடுத்த இடத்துக்குத் தாவி, வடிவம் குலைந்துவிடும்.

காப்ரேகரின் பெயரை உலகறியச் செய்தது 6174. இலக்கங்கள் அனைத்தும் ஒன்றாக இல்லாத ஏதேனும் ஒரு நான்கிலக்க எண்ணை எடுத்து, அதன் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழித்து, விடையை மீண்டும் அவ்வாறே செய்துகொண்டு போனால், ஏழு படிகளுக்குள் 6174 வந்து நின்றுவிடும். அதன்பின் 7641இலிருந்து 1467ஐக் கழித்தால் மீண்டும் 6174. இதை அவர் 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்தார். ஒரே இலக்கங்களைக் கொண்ட இரண்டு எண்களின் வேறுபாடு எப்போதும் ஒன்பதால் வகுபடும். எனவே 6174உம் ஒன்பதின் மடங்கே. 9இன் வர்க்கம் 81, அதைப் பிரித்துக் கூட்டினால் 9. 45இன் வர்க்கம் 2025, அதைப் பிரித்துக் கூட்டினால் 45. இத்தகையவை காப்ரேகர் எண்கள் எனப்படும். இவற்றை ஒன்பதால் வகுத்தால் மீதி சுழியாகவோ ஒன்றாகவோ மட்டுமே இருக்க முடியும். இவை யாவும் பத்தடிமானத்தின் விளையாட்டுகள். காப்ரேகர் இவற்றை விளையாட்டாகவே, ஆனால் முழு ஈடுபாட்டோடு ஆடினார். விளையாட்டு இன்பம் தருவது. அதை வாழ்வின் விதியாக வாசிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

எந்த அடிமானத்தில் எழுதினாலும் மாறாத பண்புகளும் ஒன்பதுக்கு உண்டு. ஒன்றும் மூன்றும் ஐந்துமாகிய முதல் மூன்று ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை அது, மூன்றின் வர்க்கம். ஒன்றின் கனத்தையும் இரண்டின் கனத்தையும் கூட்டினாலும் ஒன்பதே. எட்டு என்பது இரண்டின் கனம், ஒன்பது மூன்றின் வர்க்கம். இவ்வாறு அடுத்தடுத்த இரண்டு எண்கள் முழு அடுக்குகளாக அமைவது இயல் எண்களில் இந்த ஓர் இடத்தில் மட்டுமே. 1844இல் கட்டலான் ஊகமாகச் சொன்ன இதை 2002இல்தான் மிஹைலெஸ்கு நிறுவினார். எந்த இயல் எண்ணையும் அதிகம் போனால் ஒன்பது கனங்களின் கூட்டாக எழுதிவிடலாம் என்பது வீஃபரிக் 1909இல் காட்டி, கெம்ப்னர் 1912இல் நிறைவு செய்த தேற்றம். உண்மையில் ஒன்பது கனங்களும் தேவைப்படுகிற எண்கள் 23, 239 என்ற இரண்டு மட்டுமே என்று டிக்சன் 1939இல் காட்டினார்.

இவ்விரு செய்திகளையும் இணைத்து நினைவுகூர வேண்டிய தமிழர் ஒருவர் இருக்கிறார். குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சு. சி. பிள்ளை, கனங்களைப் போலவே உயர் அடுக்குகளுக்கும் எத்தனை உறுப்புகள் தேவை என்னும் வாரிங் சிக்கலில் உலகத்தரமான முடிவுகளைத் தந்தவர். ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்பது அவர் 1940இல் நிறுவியது. எட்டையும் ஒன்பதையும் பற்றிய கட்டலான் ஊகத்தை எல்லா வேறுபாடுகளுக்கும் விரித்துரைத்த ஊகம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அது இன்னும் நிறுவப்படவில்லை. 1950 ஆகஸ்டு 31 அன்று, அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில் எகிப்தில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் இறந்தார். ஒன்பதின் பெருமை பேச விரும்பும் தமிழ்க் கட்டுரைகளுக்கு இவரே போதிய பொருள். ஆனால் அவற்றில் சோதிடம் இடம்பெறும் அளவுக்குப் பிள்ளை இடம்பெறுவதில்லை.

கணிதத்தை விட்டுப் பெயருக்கு வந்தால், ஒன்பதின் உண்மையான விந்தை அங்கேதான் இருப்பது புலப்படும். தமிழில் இருபது முதல் எண்பது வரை பத்துகளின் பெயர்கள் இரண்டு, மூன்று என்னும் சிற்றெண்ணின் அடியாகப் பிறக்கின்றன; இருநூறு முதல் எண்ணூறு வரையும் அப்படியே. ஒன்பதுக்கு வந்ததும் முறை உடைகிறது. ஒன்பது என்னும் சொல்லுக்குள் பத்து இருக்கிறது. தொண்ணூற்றுக்குள் நூறு இருக்கிறது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் அளவைக் கடந்து மேலுள்ள அளவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மலையாளமும் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்றே வழங்குகிறது. கன்னடம் தொண்ணூற்றைத் ‘தொம்பத்து’ என்கிறது. தெலுங்கில் ஒன்பதே ‘தொம்மிதி’.

தமிழ் எண்குறிகளோ இந்தப் பிறழ்ச்சியை அறியாதவை. மரபு முறையில் தொண்ணூறு ௯௰ என்றும் தொள்ளாயிரம் ௯௱ என்றும் எழுதப்படும்; அதாவது ஒன்பது பத்து, ஒன்பது நூறு. வாய் ஒரு முறையில் எண்ண, கை வேறொரு முறையில் எழுதியிருக்கிறது. இந்த இடைவெளியைத் தொல்காப்பியர் கவனித்திருக்கிறார். ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறாவதற்கும், ஒன்பதும் நூறும் சேர்ந்து தொள்ளாயிரமாவதற்கும் குற்றியலுகரப் புணரியலில் தனி விதிகள் வகுத்தார். நன்னூலாரும் அவ்வழியே சென்றார். புணர்ச்சி விதிகளிலேயே மிகவும் வலிந்து அமைக்கப்பட்டவையாக அவை தோன்றுவதற்குக் காரணம், அவை விளக்க முற்படுவது ஒலி மாற்றத்தை அன்று, ஒரு பெயரிடு முறையின் எச்சத்தை.

அந்த எச்சத்தின் மறுமுனை ‘தொண்டு’. பழந்தமிழில் ஒன்பதுக்கு அப்பெயரும் இருந்தது. பரிபாடலில் எட்டை அடுத்து எண்ணப்படுவது தொண்டு. மலைபடுகடாம் யாழின் திவவுகளை அச்சொல்லால் எண்ணுகிறது. தொடை வகைகளின் தொகை கூறும் தொல்காப்பியச் செய்யுளியல் நூற்பா ஒன்றில் தொண்டும் வருகிறது, ஒன்பதும் வருகிறது. அந்நூற்பாவின் தொகையை 13,699 என்று கொண்டோரும் 13,708 என்று கொண்டோரும் உரை மரபில் உண்டு. இரு தொகைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடும் சரியாக ஒரு தொண்டு.

தொண்டு ஒன்பதையும், தொண்பது தொண்ணூற்றையும், தொண்ணூறு தொள்ளாயிரத்தையும், தொள்ளாயிரம் ஒன்பதாயிரத்தையும் முதலில் குறித்துப் பின்னர் ஒவ்வொரு படியாகக் கீழிறங்கின என்பது தேவநேயப் பாவாணர் கொள்கை. மேலெண்ணிலிருந்து குறைத்துக் காட்டும் பெயர்களே இவை. ஒன்பது என்பது ஒன்று குறைந்த பத்து என்பது மற்றொரு கொள்கை. இரண்டாவதே மொழியியலாளரிடையே பெரிதும் வழங்குவது. எதை ஏற்றாலும் ஒன்பது என்பது பத்தின் வாசலில் நிற்கும் எண்ணாகப் பெயரிடப்பட்டிருக்கிறது என்ற அளவில் ஐயமில்லை.

சொற்பிறப்பு இவ்வளவு சுவையாக அமைந்துவிட்டால் அதிலிருந்து கருத்துகளைக் கறக்கும் ஆசை எழுவது இயல்பு. தொண்டு என்றால் பணி, தொண்டு என்றால் ஒன்பது. சுந்தரரின் திருத்தொண்டத் தொகையில் தனியடியார் அறுபத்து மூவர், தொகையடியார் ஒன்பதின்மர். ஆகவே தொண்டே ஒன்பது, ஒன்பதே தொண்டு என்று ஒரு மேடையில் முழங்கிவிடலாம். கைதட்டலும் கிடைக்கும். ஒலி ஒற்றுமையையும் பொருள் ஒற்றுமையையும் ஒன்றாகக் கருதிய பிழைதான் அது. இதே கறத்தல் முறை மறுபக்கமும் வேலை செய்கிறது என்பதையே மொழி மாணவர்கள் கவனிக்க வேண்டும். ‘ஒன்பது என்றால் பத்துக்கு ஒன்று குறைவு, அவர்களும் முழுமைக்கு ஒன்று குறைந்தவர்கள், அதனால்தான் அந்தப் பெயர்’ என்னும் விளக்கம் நட்பு வட்டங்களிலும், சில வேளைகளில் வகுப்பறைகளிலும், சொற்பிறப்பியல் என்ற பெயரிலேயே சொல்லப்படுகிறது. வசைக்குப் பழமையும் தருக்கமும் சேர்ந்துவிட்டதைப் போன்ற தோற்றத்தை அது உண்டாக்குகிறது.

அந்த விளக்கத்தை ஒப்பீட்டால் சோதிக்கலாம். காட்கோபரின் மொழிகளே அதற்குப் போதும். ‘ஒன்று குறைந்தது’ என்று எண்ணுக்குப் பெயரிடுவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடமொழியில் பத்தொன்பது ‘ஏகோனவிம்சதி’, ஒன்று குறைந்த இருபது. மராத்தியில் பத்தொன்பது ‘ஏகோணீஸ்’, இருபத்தொன்பது ‘ஏகோணதீஸ்’, எண்பத்தொன்பது ‘ஏகோணநவ்வத்’. குஜராத்தியின் ‘ஓகணீஸ்’, இந்தியின் ‘உன்னீஸ்’ ஆகியனவும் அவ்வழி வந்தவையே. குறைவே இழிவுக்குக் காரணமாயின் இம்மொழிகளில் பத்தொன்பது வசையாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மாறாக, இந்தியில் ‘பத்தொன்பது இருபது வேறுபாடு’ என்றால் பொருட்படுத்த வேண்டாத சிறு வேறுபாடு என்று பொருள். ஒன்று குறைவது அங்கே குறையாகக் கருதப்படவே இல்லை.

அடுத்தது, இந்தி மராத்தி வசையான ஆறு. இரண்டு, மூன்று இவற்றின் பெருக்கம் அது. தன்னை வகுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகவும் தானே அமைவதால், யூக்ளிட் காலம் தொட்டு கணிதத்தில் ‘நிறைவெண்’ எனப்படுவதில் முதலாவது. குறைவான எண் என்பதால் ஒன்பது வசையானது என்றால், நிறைவான எண் வசையானது எதனால்? தமிழன் தன் வசைக்குத் தரும் விளக்கம் அடுத்த வீட்டு மராத்தியரின் வசையில் மோதி நொறுங்குகிறது. கன்னடத்திலும் மலையாளத்திலும் ஒன்பதே வசையாக வழங்குவதைக் காட்டி இது எண்ணின் இயல்பு என்று சாதிக்கவும் முடியாது. அது இம்மொழியினரிடையே நடந்த கொடுக்கல் வாங்கலைக் காட்டுவதாகவே கொள்ள இடமுண்டு.

உலகின் பிற இடங்களிலும் எண்கள் இப்படிப் பழி சுமந்திருக்கின்றன. அவற்றுள் சிலவற்றின் பிறப்பு ஆவணமாகவே கிடைக்கிறது. மெக்சிகோ நகரில் 1901 நவம்பரில், ஆண்கள் மட்டும் கூடிய ஒரு நடன விருந்தில் காவலர் புகுந்து 41 பேரைக் கைது செய்தனர்; சிலர் பெண்ணுடையில் இருந்தனர். அன்று முதல் 41 என்பது அந்நாட்டில் ஒருபால் விருப்பினரை ஏளனம் செய்யும் எண்ணாயிற்று. வீட்டு எண்ணாகவும் அறை எண்ணாகவும் அதைத் தவிர்த்தவர்கள் உண்டு. பிரேசிலில் அந்த எண் 24. அங்குப் பரவலான ஒரு சூதாட்டத்தில் விலங்குகளுக்கு எண் தரப்பட்டிருந்தது. 24ஆம் எண் மானுக்கு. மானைக் குறிக்கும் சொல் அங்கே ஏற்கெனவே வசைச்சொல்லாக இருந்ததால் எண்ணும் வசையாயிற்று; கால்பந்து வீரர்கள் அந்த எண்ணுள்ள சட்டையைத் தவிர்த்தனர். காவல்துறையின் ஒரு சோதனையும் சூதாட்டப் பலகையின் ஒரு வரிசையும் இவ்வெண்களைக் கறைப்படுத்தின. நாற்பத்தொன்று பகா எண் என்பதற்கோ, இருபத்து நான்குக்கு எட்டு வகுஎண்கள் உள்ளன என்பதற்கோ இதில் எந்தப் பங்கும் இல்லை.

போற்றுதலும் இப்படித்தான். சீனத்தில் ஒன்பதைக் குறிக்கும் சொல் ‘நெடுங்காலம்’ என்னும் சொல்லோடு ஒலியால் ஒத்திருப்பதால் அங்கு அது மங்கல எண். ஜப்பானியர் அதே எழுத்தைக் கடன் வாங்கி ‘கு’ என்று படிக்கின்றனர். அது ‘துன்பம்’ என்னும் சொல்லோடு ஒலியால் ஒத்திருப்பதால் மருத்துவமனை அறைகளுக்கு அதைத் தவிர்க்கும் வழக்கம் உண்டு. எழுத்து ஒன்று, அளவு ஒன்று, பொருள் எதிரெதிர். மராத்தியில் தாய் பிள்ளையைச் சுமப்பது ‘ஒன்பது மாதம் ஒன்பது நாள்’. தமிழில் அதுவே பத்து மாதம். இருபத்தெட்டு நாளை ஒரு மாதமாகக் கொண்டால் இருநூற்றெண்பது நாள் பத்து மாதமாகும்; நாட்காட்டி மாதத்தால் எண்ணினால் ஒன்பதும் சில நாளுமாகும். கருப்பை ஒன்றுதான், எண்ணும் முறையே வேறு.

ஒன்பதின் பெயரும் இப்படி இரு திசைகளை நோக்கி நிற்கிறது. வடமொழியில் ‘நவ’ என்றால் ஒன்பது, புதியது என்று இரு பொருள். இலத்தீனிலும் இவ்விரு சொற்களும் நெருங்கியே உள்ளன. எட்டோடு ஒரு சுற்று முடிய, ஒன்பது புதிய சுற்றின் முதல் எண்ணாகக் கருதப்பட்டது போலும் என்று மொழி வரலாற்றாளர் சிலர் கருதுவர். அக்கருத்து சரியாயின், ஒரு மொழிக் குடும்பம் ஒன்பதைத் தொடக்கமாகவும் மற்றொன்று முடிவுக்கு முந்தியதாகவும் கண்டிருக்கின்றன. இரண்டும் பார்வைகளே, எண் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பொருள் முழுவதும் மனிதர் ஏற்றியதே என்றால், நவராத்திரியின் ஒன்பதும் நவகாரத்தின் ஒன்பதும் வெறுமையாகிவிடாவா? ஆகா. ஏற்றிய பொருளும் பொருளே. தலைமுறைகள் கூடி வழிபட்டு, ஆடி, உண்டு, பாடி ஏற்றிய பொருளுக்கு எண்ணியல் சான்று தேவையில்லை. அது தன் வழக்கத்தால் நிற்கிறது. தன் பொருள் மனிதர் செய்தது என்று ஒப்புக்கொள்வதால் கர்பாவின் ஓர் அடி கூடத் தவறாது. வசைக்கு அந்த வசதி இல்லை. அது ‘நான் சொல்லவில்லை, எண்ணே சொல்கிறது’ என்னும் போர்வைக்குள் நின்றால்தான் பிழைக்கும். போர்வையை நீக்கினால் எஞ்சுவது ஒருவரை இழிவுபடுத்த வேண்டும் என்ற விருப்பம் மட்டுமே. மனிதர் ஏற்றிய பொருள் என்பதன் மறுபக்கம், மனிதரால் இறக்க முடியும் என்பது.

இறக்க முடியும் என்பதற்குத் தமிழே சான்று. சில பத்தாண்டுகளுக்கு முன் இழிசொற்கள் மட்டுமே இருந்த இடத்தில் இன்று ‘திருநங்கை’, ‘திருநம்பி’ என்னும் சொற்கள் செய்தித்தாளிலும் அரசாணையிலும் இயல்பாகப் பயில்கின்றன. தமிழ்நாடு 2008இல் திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்தது. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று, தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமையை உறுதி செய்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலைத் தொடர்ந்து, பாலினச் சிறுபான்மையினரைக் குறிக்கும் மதிப்புமிக்க சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. 2019ஆம் ஆண்டின் மாறிய பாலினத்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் சொல்லால் இழைக்கும் கொடுமையையும் தண்டனைக்குரியதாக்கியது. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் செய்த திருத்தம், பாலின அடையாளத்தையும் பாலியல் விருப்பையும் குறிவைக்கும் துன்புறுத்தலைப் பகடிவதை என வகைப்படுத்தியது. ஆகவே உயர்கல்வி வளாகத்தில் ஒருவரை இந்த எண்ணால் அழைப்பது வெறும் குறும்பு அன்று.

சட்டம் செய்யக்கூடியது இவ்வளவே. எஞ்சியது மொழியைக் கற்பிப்போர் கையில் இருக்கிறது. வருகைப் பதிவில் ஒன்பதாம் எண் வாய்த்த மாணவன் ‘உள்ளேன்’ என்று சொல்லும்முன் வகுப்பு சிரிக்குமானால், அச்சிரிப்பைக் கேளாதவர் போல் அடுத்த எண்ணுக்குச் செல்லும் ஆசிரியரும் அப்பொருளை ஏற்றுகிறவரே. புணர்ச்சி விதியாகத் தொண்ணூற்றையும் தொள்ளாயிரத்தையும் நடத்தும் அன்று, ஒன்பது ஏன் இப்படிப் பெயர் பெற்றது என்பதோடு, அப்பெயர் எவரையும் அளக்கும் கோல் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். மராத்தியின் ஏகோணீஸைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், ‘குறைந்த எண்’ என்ற விளக்கம் மாணவர் கண்முன்னே விழுந்துவிடும். மும்பைத் தமிழ் மாணவருக்கு அந்த ஒப்பீடு பாடநூலிலிருந்து வர வேண்டியதில்லை. அவர்கள் காய்கறிக் கடையில் நாள்தோறும் பேசுகிற எண்கள் அவை.

ஆய்வாளர்களுக்கும் அகராதி தொகுப்போருக்கும் ஒரு கடமை உண்டு. ஒன்பதின் பண்பாட்டுப் பொருள்களைத் தொகுக்கும்போது வசைப் பொருளை விட்டுவிடுவது நாகரிகம் போலத் தோன்றும். உண்மையில் அது தரவை மறைத்தல். அதைப் பதிவு செய்ய வேண்டும். இழிவழக்கு என்று குறிப்பிட வேண்டும். எண்ணின் இயல்பிலிருந்து அதை வருவிக்கும் விளக்கங்கள் பின்னர்க் கட்டப்பட்டவை என்றும் சொல்ல வேண்டும். நவமணியையும் நவரசத்தையும் எண்ணும் பட்டியலில் இதற்கு இடமில்லை என்றால், அப்பட்டியல் எண்ணைப் பற்றியதன்று. நம்மைப் பற்றி நாம் கேட்க விரும்புவதைப் பற்றியது.

ஒன்பது எட்டுக்கு ஒன்று மிகுந்தது. பத்துக்கு ஒன்று குறைந்தது. எந்த இயல் எண்ணும் தன் முன்னதற்கு மிகுந்தும் பின்னதற்குக் குறைந்துமே நிற்கும். எண் வரிசை என்பதன் பொருளே அதுதான்.